வெள்ளை ஷூ ஒரு ஜோடி

கடத்தூர்
6 ஜனவரி 2025

அன்புள்ள கருப்பிக்கு,

இந்தக் கையெழுத்து உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. நான் ஜானகி. கான்வென்ட் விடுதியில் உன் பாய்க்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். உன்னை அங்கே கரோலின் என்று கூப்பிட்டார்கள். கருப்பி என்ற பெயர் சிஸ்டருக்கு வாயில் வரவில்லை என்று பதிவேட்டில் அப்படி எழுதிக்கொண்டார்கள். எனக்கு உன் சொந்தப் பெயர் தெரியும். அதனால் அதையே எழுதுகிறேன்.

எனக்கு ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸ் கவிப்பிரியாவிடம்தான் உன் முகவரி கிடைத்தது. சித்தேரியில் முப்பது வருடம் கிராம செவிலியராக இருந்த ஒரு அம்மாவிடம் வேலை கற்றதாகச் சொன்னாள். பெயரைக் கேட்டேன், கருப்பி என்றாள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று குறித்துக்கொண்டு போனாள். உன் போன் நம்பரையும் கொடுத்தாள். நான் அழைக்கவில்லை. பேச்சில் நான் எப்போதும் ஜெயித்துவிடுவேன். இது ஜெயிக்க வேண்டிய விஷயம் இல்லை.

என் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் நானும் புத்தகங்களும்தான். இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். அதன் செயலாளர் மாதவராஜ் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். பதினோராம் வகுப்பில் சிஸ்டர் நடத்திய அந்த ஆங்கில நாவலை எடுத்துக்கொண்டேன். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கோயில் மணியடிப்பவன் மேல், தானியக் களஞ்சியத்துக்குத் தீ வைத்தான் என்று ஊரே பழி போடுமே, அதுதான். 'அந்த நாவலில் கள்ளமின்மையின் சின்னங்கள்' என்பது என் தலைப்பு. பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை.

எழுத உட்கார்ந்தால் நாவல் வரவில்லை. நீ வருகிறாய்.

1967 டிசம்பர். மாதா ஊர்வலத்துக்காக அப்பா எனக்கு வாங்கித் தந்த வெள்ளை ஷூ காணாமல் போனது. உன் பெட்டியை மட்டும் கவிழ்த்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. இருந்தும் உன் அப்பாவை வரவழைத்து அனுப்பிவிட்டார்கள். ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் முழுவதும் நீ என்னோடு கிணற்றடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாய். அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மடத்துத் தலைவி மதருக்குப் பயந்தேன்.

அந்தக் கூட்டத்தில் இதை எல்லோர் முன்பும் சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். நீ வர வேண்டும். கார் அனுப்புகிறேன்.

ஜானகி

*

சித்தேரி
19 ஜனவரி 2025

அன்புள்ள ஜானகி,

கடிதம் வந்தது. தபால்காரர், "யாருங்க இது, கவர்மென்ட்டா?" என்று கேட்டார். அவ்வளவு நேராக எழுதியிருந்தாய் விலாசத்தை. கோடு போட்டு எழுதிப் பிறகு கோட்டை அழித்திருக்கிறாய். அந்த வழக்கம் இன்னும் விடவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் பேச்சுக் கேட்பதில்லை. வீட்டுக்காரர் செல்லன் இருக்கிறார், காது மந்தம். மகன் சத்யராஜ் அரூரில் மின்வாரியத்தில் இருக்கிறான். அங்கிருந்து வந்த பிறகு இரண்டு வருடம் ஆடு மேய்த்தேன். அப்புறம் அரூர் பள்ளியில் சேர்ந்து முடித்து, நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். இந்த மலையில் பாதிப் பேர் என் கையில் பிறந்தவர்கள். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அவர்கள் பிறந்த கதையைச் சொன்னால் போதும், அடங்கிவிடுவார்கள்.

அந்த நாவல் எனக்கும் நினைவிருக்கிறது. பாதிவரைதான் கேட்டேன். மிச்சத்தை அரூர் நூலகத்தில் பிற்பாடு படித்தேன். ஒரு நாள் வகுப்பில் நான் எழுந்து, "சிஸ்டர், அந்த ஆளு எப்பதான் பேசுவாருங்க?" என்று கேட்டேன். உட்காரு என்றார்கள். நீ சிரித்தாய். நியாயமான கேள்விதான். அவனுக்காகப் பாதிரியார் பேசுகிறார், வக்கீல் பேசுகிறார், வக்கீல் மகள் அழுகிறாள். அவன் பேசுவது முழுப் புத்தகத்திலும் நாலு வரி.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதே. மேடையில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

இன்னொன்று. நீ எழுதியதில் ஒன்று குறைகிறது. அவசரம் இல்லை. தேடிப் பார்.

கவிப்பிரியாவிடம் ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்புகிறேன். கொம்புத்தேன்.

கருப்பி

*

கடத்தூர்
27 ஜனவரி 2025

அன்புள்ள கருப்பிக்கு,

தேன் வந்தது. மிக நல்ல தேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், கரையாமல் நேராக அடியில் போய் நின்றது. வேலைக்கு வரும் மாதுகூட, "இந்த மாதிரி அசல் சரக்கு மலைக்காரங்க யாருக்கும் குடுக்க மாட்டாங்களே அம்மா" என்று ஆச்சரியப்பட்டாள்.

குறைகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் யோசித்தேன். நான் பட்ட துன்பத்தை எழுதவில்லை, அதைத்தான் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். எழுதக் கூச்சமாக இருந்தது. கேட்டாய், அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் அந்த ஊர்வல நாளில், டிசம்பர் எட்டாம் தேதி, நான் காலில் செருப்பு போடுவதில்லை. காபி குடிப்பதில்லை. ஐம்பத்தேழு வருடமாக. என் கல்யாணமான முதல் வருடம் மாமியார், "எந்தச் சாமிக்கு இந்த விரதம்?" என்று கேட்டார். ஒரு பெண்ணுக்காக என்று எப்படிச் சொல்வது. மாரியம்மனுக்கு என்றேன்.

கட்டுரை ஏறக்குறைய முடிந்தது. சிஸ்டர் சொன்ன மூன்று சின்னங்களையும் விளக்கியிருக்கிறேன். மணிக்கூண்டில் கூடு கட்டும் தகைவிலான் குருவி, நொண்டி ஆட்டுக்குட்டி, வக்கீல் மகளின் வெள்ளைக் கையுறை. நான்காவது என் சொந்தச் சேர்க்கை. உனக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் காட்டுகிறேன்:

'நாவலில் இல்லாத ஒரு சின்னமும் உண்டு. வெள்ளை ஷூ இல்லாததால் ஊர்வலத்தின் கடைசி வரிசையில் வெறுங்காலுடன் நடந்த ஒரு மலைச் சிறுமி. அவள் கண்களில் பாலின் தூய்மை. பழியைச் சுமந்தாள், ஒரு சொல்லும் சொல்லாமல் மலையேறிப் போனாள்.'

படித்துக் காட்டியபோது மாதவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி பிரியதர்ஷினி உனக்குப் போர்த்தப் பொன்னாடை எடுத்துவிட்டாள். மயில்கழுத்து நிறம். நீ வராவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. தூக்கம் வந்தால் வரட்டும், நான் இடிக்கிறேன்.

ஜானகி

*

சித்தேரி
8 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜானகி,

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாயா. பரவாயில்லை, எல்லோரும் பார்ப்பார்கள். அரூர் சந்தையில் சிலர் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசியே பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. ஒன்றுதான் தோன்றும். இவர்கள் கடையில் வாங்கும் பாட்டிலை என்றைக்காவது இப்படிப் பார்த்திருப்பார்களா என்று.

உன் நான்காவது சின்னத்தைச் செல்லனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "யாரும்மா அந்தப் புள்ள, பாவம்?" என்றார். நான்தான் என்றேன். "அட போ" என்று எழுந்து போய்விட்டார்.

ஜானகி, நான் ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்து படி. அந்த ஷூவை எடுத்தது நான்தான்.

கிணற்றடியில் மணி அடிக்கும்வரை உன்னோடு இருந்தேன், அது சரி. மணி அடித்ததும் நீ ஜெபத்துக்குப் போனாய். நான் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி மாடிக்குப் போனேன். உன் கட்டிலுக்குக் கீழே ஷூ பெட்டியோடு இருந்தது. மேலே மெல்லிய காகிதம். ஒரு மாதிரி சுண்ணாம்பு வாசனை. வறுமையால் எடுத்தேன் என்று எழுதிவிடாதே. பழிவாங்க எடுத்தேன் என்றும் எழுதாதே. அழகாக இருந்தது. எனக்கு ஆசையாக இருந்தது. பதினாறு வயது. விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் காலை உனக்கு ஷூ இல்லை என்று கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். என் பக்கத்தில் வந்து நின்றாய். அதுவரை வெறுங்காலில் ரோட்டில் நடந்ததே இல்லை நீ. கல் குத்தி நொண்டினாய். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு நடந்தாய். ஊர்வலம் முடியும்வரை விடவில்லை. என் கண்ணில் அன்று பால் இல்லை ஜானகி. தூசிதான் இருந்தது.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். அவரை முன் வாசலில் விடவில்லை. பின் வாசலில் நிற்கச் சொன்னார்கள். பின் வாசல் பக்கம்தான் விறகுக் கொட்டகை. திருடி என்றுதானே அனுப்புகிறார்கள், வெறுங்கையோடு ஏன் போவது என்று எடுத்துக்கொண்டேன். மலை ஏறும்போது முதல் திருப்பத்தில் போட்டேன். என் கால் உன் காலைவிடப் பெரியது. இரண்டாம் திருப்பத்தில் குதிகாலில் ரத்தம். அப்பா பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கவே இல்லை. "இது செருப்பா நாயா ஆத்தா, இந்தக் கடி கடிக்குது?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் என் தங்கை போட்டாள். அடி தேய்ந்ததும் அப்பா அவற்றைக் கண்ணேறு படாமல் இருக்கப் பலா மரத்தில் கட்டிவிட்டார். எங்கள் ஊரில் கான்வென்ட் ஷூ கட்டிய பலா மரம் அது ஒன்றுதான்.

நீ மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. என் பெட்டியை மட்டும் கவிழ்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அனுப்பினார்கள். நான் எடுத்திருந்தாலும் அது தப்புதான். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் நியாயம் இல்லை, மிட்டாய்.

அந்தக் குருவியோடும் ஆட்டுக்குட்டியோடும் என்னைச் சேர்க்காதே. அவற்றுக்கு வாய் கிடையாது. எனக்கு உண்டு.

குறைகிற ஒன்றை இன்னும் நீ எழுதவில்லை.

கருப்பி

பி.கு.: உனக்குச் சர்க்கரையும் உண்டு என்று கவிப்பிரியா சொன்னாள். சர்க்கரை இருக்கிறவள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. டிசம்பர் எட்டாம் தேதியும் கூடாது.

*

கடத்தூர்
14 பிப்ரவரி 2025

கருப்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். உடல்நலம் சரியில்லை என்று காரணம் சொன்னேன்.

ஐம்பத்தேழு வருடம். எதற்கு? என் கணவர் சாகக் கிடந்தபோதுகூட டிசம்பர் எட்டு வந்தது. ஆஸ்பத்திரித் தரையில் வெறுங்காலுடன் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பாவம் இது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

மன்னிப்பை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பொன்னாடை இங்கே இருக்கிறது. பதில் எழுத வேண்டாம்.

ஜானகி

*

சித்தேரி
2 மார்ச் 2025

ஜானகி,

பதில் எழுத வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை. கவிப்பிரியா போன் செய்தாள். நீ பத்து நாளாக மாத்திரை போடவில்லை என்கிறாள். போட்டாயா என்று கேட்டால், "நீ நர்ஸா, சி.ஐ.டி.யா?" என்று கேட்கிறாயாம்.

ஒரு நர்ஸாகச் சொல்கிறேன். கோபமாக இரு. எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. காலையில் பலகாரம் சாப்பிட்டு, வெள்ளை மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு, அப்புறம் கோபமாக இரு. வெறும் வயிற்றில் கோபப்படக் கூடாது.

உன் விரதம் வீண் என்று நான் சொல்லவில்லை. என்னை நினைத்து ஒருத்தி வருடத்தில் ஒரு நாள் காபி குடிக்காமல் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நாலைந்து நாளாக, காபி ஆற்றும்போதெல்லாம் உன் ஞாபகம். செல்லன், "காபி ஆறிப்போச்சு, எங்க பாக்கற?" என்கிறார்.

பலா பிஞ்சு விட்டிருக்கிறது.

கருப்பி

*

கடத்தூர்
17 மார்ச் 2025

அன்புள்ள கருப்பிக்கு,

மாத்திரை போடுகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று கூட்டம் நடந்தது. இருபத்து மூன்று பேர். பொன்னாடை மேசை மேல் இருந்தது, போர்த்த ஆள் இல்லை. என் கட்டுரையைப் படித்தேன், நான்காவது சின்னத்தை அடித்துவிட்டு. குருவியைப் பற்றி முக்கால் பக்கம் படித்ததும் நிறுத்திவிட்டேன். மாதவராஜ் தண்ணீர் கொடுத்தார். எனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. உன் கேள்விதான் தொண்டையில் நின்றது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன்: "இந்த மணியடிப்பவர் நாவல் முழுக்க எத்தனை வரி பேசுகிறார் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா?" யாரும் எண்ணவில்லை. நாலு வரி என்றேன். என்னோடு படித்த ஒரு பெண் பதினாறு வயதில் கேட்ட கேள்வி இது, அன்று அவளைப் பார்த்து நான் சிரித்தேன் என்றேன்.

"அவரே தீ வைத்திருந்தால் உங்களுக்கு அவர் மேல் இரக்கம் இருக்குமா?" என்று அடுத்துக் கேட்டேன். கூட்டத்தில் பெரிய சண்டை. தீ வைத்தவனுக்கு எதற்கு இரக்கம் என்று ஒருவர். இரக்கம் வேண்டாம், விசாரணை வேண்டாமா என்று பிரியதர்ஷினி. வீட்டுக்காரர் பேச்சையே அவள் அன்று கேட்கவில்லை. சிஸ்டர் இருந்திருந்தால் எல்லோரையும் உட்காரச் சொல்லியிருப்பார். எனக்கு வெகு காலத்துக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

ஷூ கதையை நான் சொல்லவில்லை. அது உன்னுடையது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றேன். மூன்று வருடமாக நம்பி வாங்கும் கடைத் தேன் பாட்டில் அலமாரியில் இருந்தது. மூடியில் தேனீ படம், முத்திரை எல்லாம் உண்டு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். அடிக்குப் போகுமுன்பே கரைந்து காணாமல் போயிற்று. மாது பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதைப் பார்க்கணும்னு நமக்குத் தோணவே இல்லையே அம்மா" என்றாள். ஆமாம், தோன்றவே இல்லை.

இப்போது குறைகிற ஒன்று.

நீ இரண்டு முறை கேட்டாய். எனக்கு முதல் முறையே தெரியும். துன்பத்தை எழுதித் தப்பித்துக்கொண்டேன்.

ஊர்வலம் முடிந்து வந்ததும் சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தேன். "யார் மேல் சந்தேகம்?" என்று கேட்டார். எனக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை. எதுவும் பார்க்கவில்லை, எதுவும் தெரியாது. கால் எரிந்தது. யாரையாவது சொன்னால் விட்டுவிடுவார் என்று தோன்றியது. அரை மணி நேரம் முன்புவரை உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். "கருப்பிதான்" என்றேன். சிஸ்டருக்கு யார் என்று புரியவில்லை. "கரோலின்" என்று விளக்கினேன். அந்த மடத்தில் உன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அந்த ஒரு முறைதான். அதுவும் பழி போடத்தான் சொன்னேன்.

நான் சும்மா இருந்தேன் என்று உனக்கு எழுதினேன். சும்மா இருக்கவில்லை. நான்தான் சொன்னேன். நான் சொன்னது உண்மையாகப் போய்விட்டது. அதனால் அது சரியாகிவிடவில்லை. எத்தனை பேர் படுக்கும் அறை அது. என் வாயில் ஏன் உன் பெயர் வந்தது? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்ததால்தான் உன்னைக் குருவியாக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். குருவியிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

இதை மேடையில் சொல்லவில்லை. மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். உன் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல வேண்டும். வரலாமா? கார் வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன். நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன். முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்.

ஜானகி

*

சித்தேரி
25 மார்ச் 2025

அன்புள்ள ஜானகி,

தெரியும். சிஸ்டர் அறைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். உனக்குக் காலில் தடவ மஞ்சள் கொண்டுவந்திருந்தேன், சமையல்கட்டில் காசியம்மாளிடம் கேட்டு வாங்கியது. ஷூவை அன்று மத்தியானமே உன் கட்டிலுக்கடியில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஊர்வலத்தில் நீ நொண்டியதைப் பார்த்ததும் ஷூ மேல் இருந்த ஆசை போய்விட்டது. உள்ளே என் பெயரைக் கேட்டதும் வைக்கவில்லை. மஞ்சளையும் கொடுக்கவில்லை.

ஆக நம் இருவர் கணக்கிலும் ஒரு மத்தியானம் இருக்கிறது. அவ்வளவுதான்.

உன் பெயரை எத்தனையோ தடவை மனசுக்குள் வைதிருக்கிறேன். எங்கள் மலையில் பிறக்கும் பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கச் சொல்லி என்னைக் கேட்பார்கள். ஐஸ்வர்யா, கோகிலா, கவிதா என்று எத்தனையோ வைத்தேன். ஜானகி என்று ஒன்றுக்கும் வைக்கவில்லை. போன வாரம் ஒரு பிரசவம். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள், ஆனாலும் வந்து கேட்டார்கள். சொல்லிவிட்டேன். "பழைய பேரா இருக்கே ஆயா" என்றாள் பெற்றவள். "பழசுதான். கொஞ்சம் கர்வம் புடிச்ச பேரு, ஆனா தாங்கும்" என்றேன்.

வா. பொம்மிடி வழியாக அரூர் வந்துவிடு. பஸ் நிலையத்தில் சத்யராஜ் நிற்பான், மேலே வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுவான். ஜன்னலோரம் உட்காராதே, திருப்பங்களில் தலை சுற்றும். சர்க்கரை மாத்திரையைப் பையில் போடாமல் கையில் வைத்துக்கொள். இரண்டு நாளாவது இருக்கிற மாதிரி வா. வீட்டில் கட்டில் ஒன்றுதான், நீ அதில் படு. நான் பக்கத்தில் பாயில் படுக்கிறேன். பழக்கம்தானே.

சொல்ல வேண்டியதை வந்து சொல். கடிதத்தில் சொல்லிவிட்டாய் என்று விட்டுவிட மாட்டேன். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். செல்லனுக்குக் காது கேட்காது, யாருக்கும் தொந்தரவு இல்லை.

பொன்னாடையையும் கொண்டு வா. ஏப்ரலில் இங்கே காலையில் இன்னும் குளிர்கிறது, போர்த்திக்கொள்ளலாம்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பாதை சரிவு. நல்ல செருப்பாகப் போட்டு வா. பிடித்துக்கொள்ள நான் இருப்பேன்.

வெள்ளை மட்டும் வேண்டாம். எங்கள் மண் சிவப்பு.

கருப்பி